ஒரு 'ஆர்', இரண்டு கோடு

வீட்டில் செக் புக் இருந்தால் ஒரு தாளை எடுத்துப் பாருங்கள். பெயர் எழுதும் கோடு முடிகிற இடத்தில் 'ஆர் பேரர்' என்று அச்சடித்திருக்கும். இன்னாருக்குக் கொடு, அல்லது இதைக் கொண்டு வருகிறவருக்குக் கொடு என்று அர்த்தம். அந்த 'பேரர்' என்கிற சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டால் அது ஆர்டர் செக். கவுன்ட்டரில் நீட்டுகிற யாருக்கும் காசு வராது. கூட்டுக் கணக்கும் இதே கதைதான். 'எய்தர் ஆர் சர்வைவர்' என்று போட்டிருந்தால் ஒருத்தர் கையெழுத்து போதும், 'ஜாயின்ட்லி' என்று போட்டிருந்தால் ரெண்டு பேரும் போடணும். ஒரு 'அல்லது'வுக்கும் ஒரு 'மற்றும்'முக்கும் நடுவில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று பி.காம். படிக்கிறவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் இந்தப் பதிவு செக் பற்றி இல்லை. பிஎச்பி பற்றி. (ஓடாதீங்க மக்களே! அக்கவுன்ட்ஸ் தெரிந்த யாருக்கும் இது புரியும். கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்கள் வந்திருந்தால் கடைசி பெஞ்சில் உட்காரவும்.)

பிஎச்பியில் 'அல்லது' என்று சொல்ல இரண்டு வழி உண்டு. ஒன்று, || என்று இரண்டு நின்ற கோடு. இன்னொன்று, 'ஆர்' என்று ஆங்கில வார்த்தையையே எழுதுவது. 'மற்றும்' என்பதற்கும் இப்படியே && ஒன்று, 'ஆண்ட்' ஒன்று. முதல் தடவை பார்க்கிற எவருக்கும் வார்த்தைதான் பிடிக்கும். படித்தால் வாக்கியம் மாதிரியே இருக்கிறது, கோடும் குறியும் எதற்கு என்று தோன்றும். ரெண்டும் ஒரே வேலையைத்தானே செய்கிறது, பிடித்ததை எழுதலாம் என்று பல பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேலை ஒன்றுதான். வேலைக்கு வருகிற நேரம் வேறு. அங்கேதான் வம்பு.

இந்த இரண்டு வரியைப் பாருங்கள். ('ஆர்', 'ஆண்ட்' இரண்டையும் நான் இங்கே தமிழில் எழுதியிருக்கிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் அடியுங்கள். மாறிகளின் பெயரை மட்டும் இப்படித் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம், பிஎச்பி முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்ளும். ரொம்ப பேருக்குத் தெரியாத விஷயம் இது.)

$முடிவு = 0 || 1;
$முடிவு = 0 ஆர் 1;

முதல் வரிக்குப் பிறகு $முடிவு-க்குள் 'உண்மை' இருக்கும். இரண்டாவது வரிக்குப் பிறகு 0 இருக்கும். எந்த எச்சரிக்கையும் வராது. சிவப்பு எழுத்து எதுவும் வராது. நிரல் சமர்த்தாக ஓடி முடியும், விடை மட்டும் வேறாக இருக்கும்.

காரணம் நடுவில் நிற்கிற = குறி. பிஎச்பியில் ஒவ்வொரு குறிக்கும் ஒரு முன்னுரிமை உண்டு. பள்ளிக்கூடத்தில் பெருக்கலை முதலில், கூட்டலைப் பிறகு என்று போட்டோமே, அதுபோல. நமக்கு இன்னும் நல்ல உதாரணம், கம்பெனியைக் கலைக்கும்போது பணம் கொடுக்கிற வரிசை. ஈடு வைத்திருக்கும் கடன்காரர் முன்னால் நிற்பார். முன்னுரிமைப் பங்குதாரர் பின்னால். சாதாரணப் பங்குதாரர் எல்லோருக்கும் பின்னால். அவர் முறை வரும்போது பெரும்பாலும் பெட்டி காலி. பிஎச்பியின் வரிசையில் && முதலில், || அடுத்து, = அதற்கும் பிறகு. 'ஆண்ட்', 'எக்ஸார்', 'ஆர்' மூன்றும் அந்த = குறிக்கும் பின்னால் நிற்கிற சாதாரணப் பங்குதாரர்கள். அதனால் முதல் வரியை $முடிவு = (0 || 1) என்று படிக்கும். இரண்டாவதை ($முடிவு = 0) ஆர் 1 என்று படிக்கும். பெட்டிக்குள் 0 போய் மூடியாச்சு. பிறகு வந்த 'ஆர் 1' கணக்கில் சேராமல் காற்றோடு போய்விடும்.

இதை ஒரு புதிர் மாதிரி ரசித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் போன செமஸ்டரில் இந்த ஒரு 'ஆர்' என் வகுப்புத் தோழி ஒருத்தியின் ஹால் டிக்கெட்டில் போய் உட்கார்ந்துவிட்டது.

எங்கள் துறையில் பரீட்சைக்கு முன்னால் தகுதிப் பட்டியல் போட ஒரு சின்ன பிஎச்பி நிரல் இருக்கிறது. எப்போதோ படித்து முடித்துப் போன ஒரு சீனியர் எழுதியது. வருகை 75 சதவீதம் இருந்தால் தகுதி. 65-க்குக் கீழே போனவர்களை அதற்கு முந்தைய வரியே கழித்துவிடும். நடுவில் இருப்பவர்கள் மருத்துவச் சான்றிதழ் கொடுத்து, அபராதக் கட்டணமும் கட்டியிருந்தால் தகுதி. இதுதான் விதி. நிரலில் அந்த வரி இப்படி:

$தகுதி = ($வருகை >= 75) ஆர் ($சான்று == 1 && $கட்டணம் == 1);

தோழிக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததில் வருகை 71. சான்றிதழ் கொடுத்திருக்கிறாள். பணம் கட்டிய ரசீது கையில் இருக்கிறது. பட்டியலில் அவள் பெயருக்கு நேரே 'தகுதி இல்லை'. அவள் அப்பா ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து, அலுவலகத்துக்கும் துறைக்கும் ரெண்டு நாள் நடந்தார். "சிஸ்டத்துல அப்படித்தான் காட்டுது சார்" என்பதுதான் எல்லோரும் சொன்ன பதில். கம்ப்யூட்டர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் இல்லை என்கிற மாதிரி.

மேலே படித்ததை வைத்து உங்களுக்கே இப்போது தெரிந்திருக்கும். $தகுதி-க்குள் போனது 71 >= 75 என்கிற முதல் பாதியின் விடை மட்டும். சான்றும் ரசீதும் 'ஆர்'ருக்குப் பின்னால் சாதாரணப் பங்குதாரர்களாக நின்றுகொண்டிருந்தன.

துறையின் இணையப் பக்கத்தில் அறிவிப்புகள் போடுகிற வேலையை நான் பார்க்கிறேன், அதனால் மேடம் என்னைக் கூப்பிட்டு "என்னன்னு பாரும்மா" என்றார். பிழை உடனே மாட்டவில்லை. ஏனென்றால் பிஎச்பி இன்னொரு விளையாட்டும் ஆடுகிறது. = குறிக்கு வலப்பக்கம் இருந்ததை அப்படியே எடுத்து வார்_டம்ப்( ) அடைப்புக்குள் போட்டுச் சோதித்தால் 'உண்மை' என்று சரியாகவே வருகிறது! அடைப்புக்குள் = குறி கிடையாது, அதனால் 'ஆர்' ஒழுங்காக வேலை செய்கிறது. ரிட்டர்ன் என்று எழுதி அதே கோவையைத் திருப்பி அனுப்பினாலும் சரியாக வரும். இஃப் அடைப்புக்குள் எழுதினாலும் சரி. ஒரு பெட்டிக்குள் போடும்போது மட்டும் கவிழ்க்கும். பிறகு $தகுதி-யையே தனியாக அச்சிட்டுப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. 'ஆர்' என்பதை அழித்து || போட்டேன். பட்டியலில் நாலு பெயர் கூடியது. அதில் அவள் பெயரும் இருந்தது.

இத்தனை வருஷம் இது எப்படி யார் கண்ணிலும் படவில்லை என்று கேட்டால், பட்டிருக்கிறது. அலுவலகத்தில் முன்பு இருந்த அண்ணா ஒவ்வொரு செமஸ்டரும் ரசீதோடு வருகிற நாலைந்து பேரின் பெயரைப் பட்டியலின் அடியில் பேனாவால் எழுதிவிடுவாராம். போனில் விசாரித்தபோது, "அது கம்ப்யூட்டர்ல வராதும்மா, நான் கையில எழுதிருவேன்" என்றார். அவருக்கு மாற்றலாகிவிட்டது. புதிதாக வந்தவருக்கு இது யாரும் சொல்லவில்லை. நிரலின் ஓட்டையை ஒரு மனிதர் வருஷக்கணக்கில் கையால் அடைத்துக்கொண்டிருந்தார், அவர் போனதும் தண்ணீர் வந்துவிட்டது.

சரி, இப்படிக் கவிழ்க்கிற ஒரு 'ஆர்' எதற்கு இருக்கிறது என்று அந்த சீனியரைத் திட்டிக்கொண்டே தேடிப் பார்த்தேன். அவரைத் திட்டியது பாதி அநியாயம். 1994-ல் வந்த பெர்ல் 5-ல் இதே ஏற்பாடு உண்டு. 1995-ல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பிஎச்பி அந்தக் குடும்பத்துப் பிள்ளை. இந்த 'ஆர்' மதிப்பைக் கணக்கிடுவதற்காக வந்ததே இல்லை. 'இதைச் செய், முடியாவிட்டால் அதைச் செய்' என்று கட்டளை போடுவதற்கு வந்தது. பழைய பிஎச்பி பாடங்கள் எல்லாவற்றிலும் இப்படி ஒரு வரி இருக்கும்:

$கோப்பு = எஃப்ஓப்பன்(...) ஆர் டை(...);

கோப்பைத் திற, திறக்க முடியாவிட்டால் செத்துப் போ. 1942-ல் காந்தி சொன்ன 'செய் அல்லது செத்து மடி' ஞாபகம் வருகிறதா, அதே இலக்கணம். இங்கே 'ஆர்' கடைசியில் நிற்பதுதான் சரி. முதலில் திறந்த கோப்பு $கோப்பு-க்குள் போகணும், பிறகுதான் மற்றது. இடப்பக்கம் நல்லபடியாக முடிந்துவிட்டால் வலப்பக்கத்தைப் பார்க்கவே பார்க்காது. இந்தப் பாதியில் நிறுத்துகிற குணம் || குறிக்கும் உண்டு.

இதனால்தான் கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பன் ஒருவன் சொன்ன யோசனையை நான் கேட்கவில்லை. "எல்லா ஆரையும் கோடா மாத்திரு, ரீப்ளேஸ் ஆல் போடு, முடிஞ்சுது" என்றான். மேலே இருக்கிற வரியில் அதைச் செய்தால் என்ன ஆகும்? $கோப்பு = (எஃப்ஓப்பன்(...) || டை(...)) ஆகிவிடும். கோப்பு நன்றாகத் திறக்கும். ஆனால் $கோப்பு-க்குள் கோப்பு இருக்காது, 'உண்மை' என்ற ஒரு சொல்தான் இருக்கும். அடுத்த வரியில் அதிலிருந்து படிக்கப் போனால், பிஎச்பி 8-ல் நிரல் அங்கேயே பிழை சொல்லி நின்றுவிடும். பீரோ சாவி கேட்டவனிடம் "ஆமாம், சாவி இருக்கிறது" என்று சொல்லி அனுப்புகிற மாதிரி. இந்த மாற்றத்தைத் தானாகச் செய்துதரும் 'பிஎச்பி சிஎஸ் ஃபிக்ஸர்' என்ற கருவியிலேயே இந்த விதியை ஆபத்தானது என்று குறித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு இடமாகப் படித்துப் பார்த்துத்தான் மாற்றணும். வேறு வழியில்லை.

ஆக, எது நல்லது என்ற கேள்வியே சரியில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த இடத்தில் உங்களுக்கு ஒரு விடை வேண்டுமா, ஒரு மாற்று ஏற்பாடு வேண்டுமா என்றுதான் கேட்கணும். விடை வேண்டும் என்றால் && மற்றும் ||, கண்ணை மூடிக்கொண்டு. மாற்று ஏற்பாட்டுக்கு வார்த்தை. அதிலும் இப்போது தேவை குறைந்துவிட்டது. அந்த 'ஆர் டை' பழக்கத்தை வளர்த்த பழைய மைஎஸ்கியூஎல் இணைப்பையே 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7.0-ல் தூக்கிவிட்டார்கள். அதன் இடத்துக்கு வந்த மைஎஸ்கியூஎல்ஐ, 2021-ல் வந்த 8.1 முதல் தோற்றுப்போனால் தானே விதிவிலக்கு வீசிவிடுகிறது. உங்கள் 'ஆர் டை' வரை அது வந்து சேர்வதே இல்லை. புதிதாக எழுதும்போது வார்த்தைகளை நான் தொடுவதில்லை. பழைய நிரலில் பார்த்தால் நின்று இரண்டு தடவை படிக்கிறேன்.

இரண்டையும் கலந்து எழுதுகிறவர்களுக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. ஒரு உதவித்தொகை விதி இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: முதல் தலைமுறைப் பட்டதாரி, அல்லது விவசாயியின் பிள்ளை, மற்றும் வருமானம் வரம்புக்குள். வருமான வரம்பு ரெண்டு பேருக்குமா, விவசாயியின் பிள்ளைக்கு மட்டுமா? படித்துப் பார்த்தால் தெரியாது. பிஎச்பிக்குத் தெரியும். $முதல் || $விவசாயி && $வருமானம் என்றால் விவசாயியின் பிள்ளைக்கு மட்டும்தான் வரம்பு. $முதல் || $விவசாயி ஆண்ட் $வருமானம் என்றால் ரெண்டு பேருக்கும். ஒரே ஒரு இடத்தில் குறிக்குப் பதில் வார்த்தை, நூறு பேருக்கு வருகிற பணம் மாறிவிடும். அடைப்புக்குறி போடுங்கள் சாமி, அது இலவசம்தான்.

தேடிக்கொண்டிருந்தபோது ஒரு பழைய நண்பரையும் பார்த்தேன். இந்த உண்மை-பொய் கணக்குக்கு 'பூலியன்' என்று பெயர் வரக் காரணமான ஜார்ஜ் பூல், 1815-ல் பிறந்த ஆங்கிலேயர், செருப்புத் தைப்பவரின் மகன். 1854-ல் சிந்தனையின் விதிகள் பற்றித் தன் புத்தகத்தை வெளியிட்டார். அவருடைய 'அல்லது' கறாரானது. இதுவோ அதுவோ, ரெண்டும் சேர்ந்து கிடையாது. மெஸ்ஸில் "சப்பாத்தியா தோசையா" என்று கேட்கிற மாதிரி. ரெண்டும் வேணும் என்றால் அக்கா முறைப்பார். ரெண்டும் சேர்ந்தாலும் சரி என்று அதைத் தளர்த்தியவர்களில் முக்கியமானவர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ். ஆமாம், அவரேதான், நம்ம பொருளாதாரப் பாடத்தில் இறுதிநிலைப் பயன்பாட்டோடு வருகிற அதே ஜெவன்ஸ்! தருக்கத்துக்கு பியானோ மாதிரி கட்டை வைத்த ஒரு இயந்திரம் கூடச் செய்திருக்கிறார். இன்று நாம் அடிக்கிற || அவர் சொன்ன 'அல்லது'. பூலின் கறார் 'அல்லது'தான் பிஎச்பியில் 'எக்ஸார்'. அதற்கு இரட்டைக் குறி எதுவும் கிடையாது, வார்த்தை மட்டும்தான். ஆகவே அதைப் பெட்டிக்குள் போடும்போது அடைப்புக்குறி கட்டாயம்.

(ஒற்றை & மற்றும் ஒற்றை | வேறு ஜாதி, அவை எண்களின் பிட்டுகளோடு விளையாடுபவை. 5 && 2 என்றால் உண்மை, 5 & 2 என்றால் 0. இரட்டைக் குறி சி மொழியில் தாமதமாக வந்து சேர்ந்ததால்தான் ஒற்றைக் குறியின் முன்னுரிமை கோணலாகக் கிடக்கிறது என்று டென்னிஸ் ரிச்சியே எழுதியிருக்கிறார். அதற்கு ஒரு தனிப் பதிவு வேணும்.)

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம்.

அந்த நிரலில் இன்னொரு வரியும் இருந்தது.

$ஹால்டிக்கெட் = $தகுதி ஆண்ட் ($பாக்கி == 0);

பாக்கி என்பது லைப்ரரி பாக்கி. இங்கேயும் அதே நோய். $ஹால்டிக்கெட்-டுக்குள் போவது $தகுதி மட்டும், பாக்கியை யாரும் பார்ப்பதே இல்லை. விதிப்படி பாக்கி இருந்தால் ஹால் டிக்கெட் கிடையாது. நிரல்படி எல்லோருக்கும் உண்டு. 'ஆர்' வரியைப் பற்றி ஒவ்வொரு செமஸ்டரும் நாலைந்து பேர் அழுதுகொண்டே வந்து நின்றார்கள், அதற்கு ஒரு அண்ணாவும் பேனாவும் தேவைப்பட்டது. 'ஆண்ட்' வரியைப் பற்றி ஒருத்தர்கூட வந்து நின்றதில்லை. எப்படி வருவார்கள்? "எனக்கு நாற்பது ரூபாய் பாக்கி இருக்கிறது, என்னை ஏன் விட்டீர்கள்" என்று யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

தணிக்கைப் பாடத்தில் கடனாளிகளுக்குக் கடிதம் எழுதி இருப்பைச் சரிபார்ப்பது வரும். 'தப்பாக இருந்தால் மட்டும் பதில் போடுங்கள்' என்று எழுதுகிற வகைக்கு ஆதார பலம் குறைவு என்று எஸ்.ஏ. 505 சொல்கிறது. தனக்கு நஷ்டமான தப்பு என்றால் பதில் வரும், லாபமான தப்பு என்றால் கடிதம் குப்பைக்குப் போகும். பரீட்சைக்காகப் படித்தபோது இதை மனப்பாடம் பண்ணினேன். அந்த இரண்டு வரிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அது நிஜமாகவே உறைத்தது. புகாரே வராத நிரல் சரியான நிரல் என்று அர்த்தமில்லை. அது எல்லோருக்கும் சலுகை கொடுத்துக்கொண்டிருக்கலாம். 'ஆர்' பிழை கதவைச் சாத்துகிறது, அதனால் சத்தம் வருகிறது. 'ஆண்ட்' பிழை கதவைத் திறந்துபோடுகிறது. சத்தமே வராது.

இரண்டையும் மேடத்திடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று வகுப்பில் சிலர் நினைப்பது தெரியும். ஆனால் ஒரே கோப்பில் ஒரே மாதிரி இரண்டு பிழை இருக்கும்போது, நமக்குப் பிடிக்காததை மட்டும் திருத்திவிட்டு நமக்கு வசதியானதைத் தொடாமல் விடுவதற்கு வேறு பெயர். மேடம் யோசித்துவிட்டு, 'ஆர்' வரியை அன்றைக்கே மாற்றச் சொன்னார். 'ஆண்ட்' வரியை அடுத்த செமஸ்டர் முதல், முன்கூட்டியே நோட்டீஸ் போட்டுவிட்டு மாற்றலாம் என்றார். ஹால் டிக்கெட் கொடுக்க மூன்று நாள் இருக்கும்போது பாதி வகுப்பை வெளியே நிறுத்த அவருக்கு மனசில்லை. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. இத்தனை வருஷம் கண்டுகொள்ளாமல் விட்ட ஒரு விதியை ஒரே ராத்திரியில் பாய்ச்சினால், நோட்டீஸ் இல்லாமல் வட்டி ஏற்றுகிற மாதிரி ஆகிவிடும்.

அந்த நோட்டீஸ்தான் இப்போது போர்டில் இருக்கிறது. தோழி எல்லாப் பேப்பரும் எழுதிவிட்டாள், காஸ்டிங் மட்டும் கஷ்டம் என்றாள். எஃப்ஓப்பன் வரியில் இருக்கிற 'ஆர்'ரை அப்படியே விட்டிருக்கிறேன், அதற்கு மேலே 'இதைக் கோடாக மாற்றாதீர்கள்' என்று ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். அடுத்து வருகிற ஜூனியர் யாராவது ரீப்ளேஸ் ஆல் போடுவார்கள், எதற்கும் இருக்கட்டும் :-)

பாக்கி இருக்கிறவர்கள் லைப்ரரியில் மதியம் 2 முதல் 4 வரை கட்டலாம். சில்லறையாகக் கொண்டு போங்க, அங்கே ஜிபே வாங்க மாட்டாங்க.